கனடாவில் லோ வோல்டேஜ்

அக்டோபர் 8, ஞாயிறு. ஸ்கார்பரோ.

வந்து சேர்ந்தாயிற்று. பெட்டிகள் வந்தன. கிரைண்டர் வந்தது. ராஜகனியும் வந்துவிட்டாள். இந்த வரிசையில் எழுதியிருப்பதை அவள் பார்த்தால் இன்றைக்கே சண்டை.

கிரைண்டரின் உருளைக் கற்களைக் கைப்பையில்தான் எடுத்து வந்தேன். பெட்டியில் போட்டால் எடை எகிறிவிடும். சென்னை விமான நிலையத்தில் பையை ஸ்கேனில் பார்த்த அதிகாரி என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். "இது என்ன சார்?" என்றார். "இட்லி" என்றேன். தமிழர்தான். சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

மகள் சுபாஷினி எங்களுக்கு ஒரே பிள்ளை. கடையை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த வருடம் குடியேற்றக் காகிதமெல்லாம் கூடி வந்துவிட்டது. கோவில்பட்டியில் என் 'மாரி ஹோம் நீட்ஸ்' கடையை வாங்கவும் ஆள் தயார்: எதிர்க்கடை காதர் மைதீன் பாய். நான் மிக்ஸிக்குத் தள்ளுபடி போட்டால் மறுநாள் அவர் குக்கரை இலவசமாகக் கொடுப்பார். அப்படிப்பட்ட சிநேகிதர். பொங்கலுக்குள் முடிவு சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

முடிவு என் கையில் இல்லை, ராஜகனி கையில் இருக்கிறது. அவளுக்குக் கிரைண்டர் மாவு இட்லி இல்லாமல் பொழுது விடியாது. அதனால் புறப்படும் முன்பே எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். "நம்ம கிரைண்டர் அங்க ஓடி, இட்லி சரியா வந்தா இருப்போம். வரலைன்னா பொங்கல் கழிச்சுத் திரும்பிருவோம். எல்லாம் இவளுக்காகத்தான்." ராஜகனி பதில் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, திங்கள்.

இந்த நாட்டில் வீட்டுக்கு வரும் கரண்ட் நூற்றிருபது வோல்ட்தான். நம் ஊரில் இருநூற்று முப்பது. இதைச் சொல்லி மகள் போனிலேயே பயமுறுத்தியிருந்தாள். எனக்கு என்ன பயம்? கோவில்பட்டியில் சாயங்காலம் எல்லோரும் மோட்டார் போடும் நேரத்தில் வோல்டேஜ் நூற்றறுபதுக்கு இறங்கும். அதற்காக நாங்கள் உட்கார்ந்து அழுதோமா? ஸ்டெபிலைசர் விற்றோம். அங்கே சாயங்காலம் மட்டும் லோ வோல்டேஜ், இங்கே நாள் முழுக்க லோ வோல்டேஜ். ஒரு நாடே இப்படி மங்கிப்போய் ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பாரில்லை. என் கடையிலேயே பெரிய ஸ்டெபிலைசராகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறேன்.

சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இவ்வளவு பள்ளத்திலிருந்து என்னால் தூக்க முடியாது என்று கைவிரித்துவிட்டது.

கிரைண்டரை நேராகச் சொருகிப் பார்த்தேன். பல்வலிக்காரன் மாதிரி முனகியதே தவிர சுற்றவில்லை. மோட்டார் காயில் கருகிவிடும் என்று உடனே பிடுங்கிவிட்டேன். அயர்ன் பாக்ஸ் சூடானது, ஆனால் காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குத்தான். அதை வைத்து வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ராஜகனி வந்து நின்று பார்த்தாள்.

"என்னங்க, வேட்டியத் தேய்க்கீகளா, தடவிக் குடுக்கீகளா?"

அக்டோபர் 14, சனி.

மாப்பிள்ளை கதிரேசனுடன் தமிழ்க் கடைக்குப் போனேன். இங்கே மாடிப்படி ஏறி இறங்குவதுபோல வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறது. இதைத்தான் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். எடுத்து வைத்தேன். கல்லாவில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.

"அண்ணை, உந்தப் பாரத்தைச் சுமக்கிறதை விட, இஞ்சத்தை கரண்டுக்கெண்டே செய்த கிரைண்டர் அங்கை இருக்கு. ஒருக்காப் பாருங்கோவன்."

நான் பார்க்கவில்லை. கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரத்தில் ஓடுகிற கிரைண்டரில் பாதி என் கையால் டெமோ காட்டி விற்றது. சைக்கிளில் பெட்ரோமாக்ஸ் மேண்டில் விற்றுத் தொழிலுக்கு வந்தவன் நான். அப்படிப்பட்டவன் இன்னொருத்தன் கடையில் போய்ச் சில்லறை விலைக்கு ஒரு கிரைண்டர் வாங்கினேன் என்று தெரிந்தால் பாய் எதிர்க்கடையில் நின்று பட்டாசு வெடிப்பார்.

காரில் வரும்போது மாப்பிள்ளை, "மாமா, மோட்டாருக்கு வோல்டேஜ் மட்டும் இல்ல, இன்னொன்னும்..." என்று ஆரம்பித்தார். "என்ன மாப்பிள்ள?" என்று திரும்பினேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பாவம். இஞ்சினியருக்குப் படித்தவர், ஆனால் வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார்.

அக்டோபர் 15, ஞாயிறு.

வெற்றி. டிரான்ஸ்ஃபார்மரில் மிக்ஸி பிய்த்துக்கொண்டு ஓடியது. தேங்காய்ச் சட்னி அரைத்தோம். டேபிள் ஃபேனையும் போட்டுப் பார்த்தேன். கோவில்பட்டியில் இப்படிச் சுற்றியதே இல்லை. மேஜை மேலிருந்த துணியெல்லாம் பறக்கிறது. என்ன இருந்தாலும் வெளிநாட்டுக் கரண்ட் கரண்ட்தான்.

வெளியே இலையெல்லாம் சிவந்து உதிர்கிற குளிரில் ஃபேன் எதற்கு என்று மகள் கேட்டாள். டெஸ்டிங் என்றேன்.

அக்டோபர் 18, புதன்.

கிரைண்டர் ஓடியது! கொஞ்சம் சத்தம் கூடுதல், கொஞ்சம் ஆட்டம் கூடுதல். மாவைத் தொட்டுப் பார்த்தால் கதகதவென்று இருக்கிறது. குளிர் ஊரில் மாவு சூடாக இருப்பது நல்லதுதானே? சீக்கிரம் புளிக்கும்.

அக்டோபர் 19, வியாழன்.

புளிக்கவில்லை. இட்லி அமுங்கிப்போய், பிடிவாதமாக இருக்கிறது.

உளுந்து பழசு.

அக்டோபர் 22, ஞாயிறு.

புது உளுந்து. அதே இட்லி.

என் கடையில் சேரும் புது சேல்ஸ்மேனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பேன். கிரைண்டர் சரியில்லை என்று கஸ்டமர் வந்தால் பதறாதே. முதல் தடவை, உளுந்து பழசு என்று சொல். மறுபடி வந்தால், தண்ணி உப்பு. மூன்றாவது தடவையும் வந்தால், வீட்டில் லோ வோல்டேஜ். நாலாவது தடவை யாரும் வருவதில்லை. மிஷின் மேல் தப்பு என்ற பேச்சே கடைக்குள் வரக்கூடாது.

இன்று இட்லியைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "எனக்கென்னமோ..." என்று ஆரம்பித்தேன்.

"தண்ணின்னு சொல்லப் போறீக" என்றாள் ராஜகனி.

இவளை முப்பது வருடம் கல்லாவில் உட்கார வைத்திருக்கக் கூடாது.

அக்டோபர் 28, சனி.

பாய் போனில் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, இட்லி எந்திரிச்சிருச்சா, இன்னும் படுத்துத்தான் கெடக்கா?"

"குளிர் பாய். மாவு பொங்க நேரம் எடுக்குது."

"அப்ப கடை?"

"பொங்கலுக்குள்ள சொல்றேன்னு சொன்னேன்ல? என் மனசுல ஒன்னும் இல்ல பாய். ராஜகனிக்கு ஒத்துக்கணும். நேத்தும் ரெண்டு இட்லிக்கு மேல எறங்கல அவளுக்கு."

"நீங்க எத்தன அண்ணாச்சி?"

"ஏழு."

அவர் எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை. பிறகு கடைத்தெருச் செய்தியெல்லாம் சொன்னார். என் கடை போர்டில் ஒரு டியூப்லைட் எரியவில்லையாம். உடனே பையன்களுக்குப் போன் போட்டு மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டுப் போட்டோ அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். பார்த்தேன். வெள்ளை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, வேறு டியூப் போடச் சொன்னேன்.

நவம்பர் 4, சனி.

மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து உள்விளக்கைப் போட்டுவிட்டால் பொங்கும் என்று மகள் சொன்னாள். வைத்தேன். போதாது என்று என் மங்கி கேப்பையும் பாத்திரத்துக்கு மாட்டிவிட்டேன். காலையில் மகள் தோசைக்கல்லைத் தேடி ஓவனைத் திறந்து, உள்ளே தலை ஒன்று இருக்கிறது என்று அலறிவிட்டாள்.

மாவு பொங்கவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி.

இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். பக்கத்து வீட்டுத் தவமணி அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள் ராஜகனி. யாழ்ப்பாணத்துப் பெண்மணி, தனியாக இருக்கிறார். வந்த ஒரு மாதத்தில் இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டு. அந்த அம்மா முதல் இட்லியைப் பிய்க்க முயன்றார். இரண்டாவது முயற்சியில் பிய்ந்தது.

"இட்லி நல்லாத்தான் இருக்கு அண்ணை. கொஞ்சம் தண்ணி தாங்கோ."

வெட்கமாகிவிட்டது. எங்கள் கிரைண்டர் கோவில்பட்டியில் எப்படி ஓடும், மாவு எப்படிப் பந்து மாதிரி வரும், உளுந்து மாவை ஒரு துளி தண்ணீரில் விட்டால் எப்படி மிதக்கும் என்றெல்லாம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

"நீங்களும் ஊர்ல இருந்து மிஷின் ஏதாவது கொண்டு வந்தீகளாம்மா?" என்றேன்.

"நாங்கள் வரேக்க கையில ஒரு பை மட்டுந்தான் அண்ணை. மிசின், வீடு எல்லாம் விட்டிட்டு வந்தனாங்கள். ஆனபடியால் எனக்கு இந்தப் பிரச்சினை வரேல்லை." சாதாரணமாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொள்ளுங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது?

நவம்பர் 19, ஞாயிறு.

ராஜகனியைப் பகலில் வீட்டில் பார்க்க முடிவதில்லை. தவமணி அம்மாவோடு பஸ் ஏறி லைப்ரரிக்குப் போகிறாள். அங்கே இங்கிலீஷ் பேசச் சொல்லித் தருகிறார்களாம். போகும் வழியில் டிரைவருக்குக் குட் மார்னிங் சொல்கிறாளாம், அவரும் சொல்கிறாராம். இதை இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

நேற்றுப் பனியில் நடக்கப் பூட்ஸ் வாங்கி வந்தாள். உள்ளே ரோமம் வைத்த ஒசத்திச் சரக்கு. நான் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

"ரெண்டு மாசத்துக்கு எதுக்கு இம்புட்டு நல்ல பூட்ஸ்?"

"நல்லதா வாங்குனாத்தானே நாள்பட வரும்" என்றாள்.

பாவம், வீட்டில் இட்லி சரியில்லாத வருத்தத்தை இப்படி வெளியே சுற்றித் தீர்த்துக்கொள்கிறாள்.

நவம்பர் 27, திங்கள்.

இட்லி பஞ்சு!

நான் நேற்று டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் துண்டை மடித்துப் போட்டிருந்தேன். அதிர்வுதான் காரணமாக இருந்திருக்கிறது. ஆறு வாரம் மூளையைக் கசக்கியதில் கடைசியில் பிடித்துவிட்டேன். மேஜையில் எல்லோரிடமும் விளக்கிச் சொன்னேன். மகள் சட்னிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு மறுபடி இருமல்.

எட்டு சாப்பிட்டேன்.

டிசம்பர் 3, ஞாயிறு.

ஒரு வாரமாக இட்லி பிரமாதம். அப்படியானால் இருக்க வேண்டியதுதான். அதுதானே பேச்சு?

பாய்க்கு இன்னும் சொல்லவில்லை. இங்கே போன் சிக்னல் சரியில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்.

கடைப் போர்டு போட்டோவை மறுபடி அனுப்பச் சொன்னேன். சிக்னல் இருந்தது. டியூப் இப்போது சரியாக இருக்கிறது.

டிசம்பர் 10, ஞாயிறு.

ஒன்று கவனித்தேன். கிரைண்டரில் பெல்ட் ஓடினால் அடியில் கறுப்பாக ரப்பர் தூள் உதிரும். இங்கே ஓட ஆரம்பித்த நாளிலிருந்து, ஊரில் உதிர்வதை விட அதிகமாகவே உதிர்ந்தது, தினமும் துடைப்பேன். இப்போது துடைக்க எதுவும் இல்லை. மாவு மட்டும் தவறாமல் வருகிறது.

இன்னொன்று. உளுந்து ஊறும் நாளிலெல்லாம் ராஜகனி என்னை மாப்பிள்ளையோடு மாலுக்கு நடக்க அனுப்புகிறாள். உடம்புக்கு நல்லதாம். இத்தனை வருடம் இல்லாத அக்கறை.

டிசம்பர் 12, செவ்வாய்.

டிரான்ஸ்ஃபார்மர் முதுகில் ஒரு கண்ணாடி ஃப்யூஸ் இருக்கிறது. கழற்றி எடுத்துக்கொண்டேன். உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது. மாலுக்குப் போய் நன்றாக நடந்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 13, புதன்.

ஃப்யூஸ் என் சட்டைப்பையில். இட்லி பஞ்சு.

டிசம்பர் 17, ஞாயிறு.

ராஜகனி தவமணி அம்மாவோடு வெளியே போயிருந்தாள். துணி துவைக்கிற மிஷின் இருக்கும் கீழ்த்தளத்துக்கு நான் இதுவரை இறங்கியதில்லை. இன்று இறங்கினேன். டிரையருக்குப் பின்னால், சோப்புத்தூள் டப்பாக்களுக்கு நடுவில், என்னுடைய பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. வேட்டியை எடுத்தேன். புத்தம் புதுக் கிரைண்டர். அன்றைக்கு அந்தக் கடைக்காரர் காட்டினாரே, நான் திரும்பிப் பார்க்கவில்லையே, அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

திருப்பி ஸ்டிக்கரைப் படித்தேன். நூற்றிருபது வோல்ட், அறுபது ஹெர்ட்ஸ். மேலே போய் என்னுடையதன் ஸ்டிக்கரைப் படித்தேன். இருநூற்று முப்பது வோல்ட், ஐம்பது ஹெர்ட்ஸ். இந்த ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளை வாழ்நாள் முழுக்கத் தூக்கி அடுக்கியவன் நான். வோல்ட் வரைக்கும் படித்திருக்கிறேன். அடுத்த எண்ணை எந்த கஸ்டமரும் கேட்டதில்லை, நானும் படித்ததில்லை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "மாப்பிள்ள, இந்த ஹெர்ட்ஸ்னா என்ன?"

தப்பு செய்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அது... கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தன தடவ துடிக்குதுன்னு கணக்கு மாமா. நம்ம ஊர்ல அம்பது, இங்க அறுபது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜத்தான் ஏத்தும், துடிப்ப மாத்தாது. மிக்ஸிக்கு அது பரவால்ல. கிரைண்டர் மோட்டாரும் ஃபேன் மோட்டாரும் அந்தத் துடிப்பு கூடவே ஓடுற ஜாதி. அதான் இங்க வேகமாச் சுத்துது. கல்லு வேகமா ஓடுனா மாவு சூடாயிரும், அப்புறம் பொங்காது."

மேஜைத் துணி பறந்தது ஞாபகம் வந்தது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே மாமா."

"பின்ன ஏன் சொல்லல?"

"நிச்சயதார்த்தத்தன்னிக்கு உங்க வீட்டு இன்வெர்ட்டர் வயரிங் தப்பா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னேன். அதுக்கு நீங்க 'மாப்பிள்ள படிச்சவரு, நான் வித்தவன்'னீங்க. அந்த வீடியோவுலயே இருக்கு மாமா."

இருக்கிறது. எல்லோரும் சிரித்ததும் அதில் இருக்கிறது.

அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ராஜகனி மூக்கு சிவந்து, தலையில் பனித்தூளோடு உள்ளே வந்தாள். என் கையில் வேட்டியைப் பார்த்தாள். மாப்பிள்ளை சத்தமில்லாமல் மாடிக்கு ஏறிவிட்டார்.

"எப்ப வாங்குன?" என்றேன்.

"தீபாவளி முடிஞ்சு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்க மகளுக்கு, மாப்பிள்ளைக்கு, தவமணி அக்காவுக்கு, அந்தக் கடைக்காரருக்கு. அவருதான் கார்ல கொண்டாந்து எறக்குனாரு. நீங்க மாலுக்குப் போயிருந்தீக."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேன்ல?"

"நீங்களா?" பூட்ஸைக் கழற்றி ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தாள். "நம்ம மிஷின் ஓடல, ராஜகனிக்கு ஒத்துக்கல, கெளம்புவோம்னு சொல்லியிருப்பீக. அப்படித்தானே பேசி வச்சிருந்தீக?"

"உனக்காகத்தான் அப்படிப் பேசி வச்சேன். நீதான் இட்லி இல்லாம..."

"எனக்கா? காலையில நான் ஓட்ஸ் குடிக்க ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு. என் தட்ட என்னைக்காவது பாத்தீகளா? இட்லி திங்கிறது யாரு?"

கையில் இருந்த வேட்டியை மடிக்க ஆரம்பித்தேன்.

"எனக்கு இந்த ஊரு புடிச்சிருக்குங்க. கல்லாவுல உக்காந்து உக்காந்து எனக்குக் கடைத்தெருவத் தவிர ஒன்னும் தெரியாது. இங்க பஸ் ஏறுனா எனக்கு எறங்கத் தெரியுது. நான் இருக்கேன். நீங்க போகணும்னா, எனக்குப் போகணும்னு வாயத் தொறந்து சொல்லுங்க. எதுக்கு ஒரு மிஷின் தலையில கட்டுறீக?"

சொல்லிவிட்டு, உளுந்து ஊறப்போட வேண்டும் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். ஒளித்து வைக்க வேண்டியதில்லை என்றானதும் அந்தக் கிரைண்டரை மேலே கொண்டு வரச் சொல்லி எனக்கே வேலை வைத்தாள். தூக்கினேன். என்னுடையதை விட எடை குறைவு. கல்லும் நல்ல கல்தான்.

டிசம்பர் 18, திங்கள்.

அவள் தட்டைப் பார்த்தேன். ஓட்ஸ்.

டிசம்பர் 24, ஞாயிறு.

ஒரு கஸ்டமர் கடைக்குள் கால் வைத்ததும் அவர் வாங்க வந்தவரா, விலை கேட்க வந்தவரா என்று சொல்லிவிடுவேன். அது வேறு.

ராஜகனி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேரட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எனக்குப் போகணும்."

"இம்புட்டுதானே? போயிட்டு வாங்க."

"நீ?"

"ஜனவரியில எனக்கு கிளாஸ்ல பரீட்சை."

மறுபேச்சு இல்லை. கறார் விலைக் கடை மாதிரி பேசுகிறாள். நீயும் வா என்று நானாவது கொஞ்சம் பேரம் பேசுவேன் என்று நினைத்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்.

பால் மின்சார அடுப்பில் பொங்கியது. தவமணி அம்மா வந்திருந்தார். ராஜகனி ஜன்னல் வழியாகத் தெரிந்த கொஞ்சம் சூரியனைக் கும்பிட்டாள்.

பாய் போன் செய்தார். நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். "நல்ல சேதியா அண்ணாச்சி?" என்றார். யாருக்கு என்று கேட்டேன். 

டிக்கெட் போட்டாயிற்று. திரும்பி வரும் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்கிற டிக்கெட். ராஜகனி அதை வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு கிரைண்டர் கற்களைத் துடைத்து, என் பழைய வேட்டியில் சுற்றி, கைப்பையில் வைத்தாள்.

பிப்ரவரி 2, வெள்ளி. கோவில்பட்டி.

நேற்று வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். "என்ன சார் இது?" "இட்லி" என்றேன். இந்த அதிகாரி சிரிக்கவில்லை.

கடை சுத்தமாக இருக்கிறது. பையன்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். போர்டு வெளிச்சம் போட்டோவில் பார்த்ததை விட நன்றாக இருக்கிறது. காலையிலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும், "அம்மா எங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரு பெண்மணி, அமெரிக்காவில் பேறுகாலத்துக்கு இருக்கும் மகளுக்குக் கொண்டுபோக ஒரு கிரைண்டர் கேட்டார். பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரில் இரண்டாவது எண்ணைக் காட்டி, "இது அங்க சரியா ஓடாதும்மா, போன இடத்துலயே வாங்கிக்கோங்க" என்று அனுப்பினேன். எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாய் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, ஒடம்புக்கு ஒன்னும் இல்லையே? வந்த கிராக்கிய நீங்களே தொரத்துறீக?"

"ஹெர்ட்ஸ் பாய், ஹெர்ட்ஸ்."

"அது என்ன வியாதி?"

பிப்ரவரி 4, ஞாயிறு.

வீட்டில் கிரைண்டரின் பாகங்களைப் பூட்டி நிறுத்தினேன். உளுந்தும் அரிசியும் நானே ஊறப்போட்டேன். டெமோ காட்டுகிற கைக்கு இது பெரிய வேலையா? சுவிட்சைப் போட்டதும் தன் பழைய நிதானத்தில் சுற்ற ஆரம்பித்தது. சத்தமில்லை, ஆட்டமில்லை. மாவு தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டேன். மிதந்தது. அதற்கு இந்த ஊர் கரண்ட் போதும்.

பிப்ரவரி 5, திங்கள்.

இட்லி, சொல்ல வேண்டியதே இல்லை. கோவில்பட்டியே கூடி நின்று பாராட்டியிருக்கும். தட்டில் எட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தைத் தூக்குவாளியில் போட்டுக் கடைப் பையன்களுக்குக் கொண்டுபோனேன். பாயும் வந்து இரண்டு எடுத்துக்கொண்டார்.

"பஞ்சு அண்ணாச்சி! அப்ப மிஷின் ஓடுது. இனி எதுக்குக் கனடா? கடைய எனக்குத் தரமாட்டீக, அப்படித்தானே?"

கடைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவருக்கு இட்லி தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணி கொடுத்தேன். பெயர் மாற்றும் வேலையை இந்த வாரமே முடித்துவிடுவோம் என்றேன். ஒரே கண்டிஷன்: போர்டில் அந்த டியூப்பை மாற்றக் கூடாது. கிரைண்டரையும் அவர் வீட்டம்மாவுக்கே கொடுத்துவிட்டேன். பழசுதான், ஆனால் இந்த ஊரில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

சாயங்காலம் ராஜகனி போன் செய்தாள். பரீட்சையில் பாஸாம். பஸ் டிரைவர் வாழ்த்துச் சொன்னாராம். பிறகு கேட்டாள்.

"நம்ம கிரைண்டர் அங்க ஓடுச்சா? இட்லி எப்படி?"

"கல்லு மாதிரி இருக்கு. வாயில வைக்க முடியல. உளுந்து பழசு."

 அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அடுத்து தண்ணின்னு சொல்லுவீக."

"தண்ணியும்தான்" என்றேன். சனிக்கிழமை விமானம்.